கல்லூரி வளாகத்தில் புதிய எண்ணங்களுக்கு நிதி: ஒரு சிறு நிதியத்தைத் தொடங்கி நடத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க விரும்பும்போது அவர்களுக்குத் தேவைப்படும் தொகை பெரும்பாலும் சிறியதாகவே இருக்கிறது. சில உணரிகளும் ஒரு மின்சுற்றுப் பலகையும் வாங்குவதற்கோ, ஒலிப்பதிவுக் கருவியை இரண்டு வாரம் வாடகைக்கு எடுப்பதற்கோ, ஒரு நிகழ்த்துகலைக்கான மேடைப்பொருள்களைச் செய்து முடிப்பதற்கோ தேவைப்படும் பணம் எந்தக் கல்லூரியின் வரவுசெலவிலும் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆயினும் அந்தச் சிறு தொகை உரிய நேரத்தில் கிடைக்காமலே பல எண்ணங்கள் கைவிடப்படுகின்றன. ஆராய்ச்சிக்கு நிதி இருக்கிறது, ஆனால் அது துறையின் வழியாக, முடிவு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே எழுதிக் காட்டக்கூடியவர்களுக்குச் செல்கிறது. விழாக்களுக்கும் கட்டடப் பராமரிப்புக்கும் தனித்தனித் தலைப்புகள் இருக்கின்றன. இரண்டு துறைகளுக்கு நடுவில், இன்னும் பெயர்கூட வைக்கப்படாத நிலையில் இருக்கும் ஒரு முயற்சி இவற்றுள் எந்தத் தலைப்பிலும் அடங்குவதில்லை.

அத்தகைய முயற்சிகளுக்கென்றே ஒரு நிதியத்தை அமைக்க நினைக்கும் மாணவர் பேரவைக்கும், ஆசிரியர் குழுவுக்கும், முன்னாள் மாணவர் சங்கத்துக்கும், நிர்வாகத்துக்கும் உதவும் வகையில் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இதன் அடிப்படைக் கருத்து ஒன்றுதான்: நிதியத்தின் மொத்தத் தொகை எவ்வளவு என்பதைவிட, முடிவு எத்தனை நாளில் தெரிகிறது, பணம் எந்த வழியாகக் கைக்கு வருகிறது என்ற இரண்டும்தான் அந்த நிதியம் பயன்படுமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

முதற்படி: எதற்கு நிதி, எதற்கு இல்லை என்பதை வரையறுத்தல்

நிதியத்தின் நோக்கத்தை இரண்டு மூன்று வாக்கியங்களில் எழுதி, அதனடியில் எவற்றுக்குப் பணம் தரப்படாது என்பதையும் எழுதுங்கள். இரண்டாவது பட்டியல்தான் நடைமுறையில் அதிகம் பயன்படும். கல்விக் கட்டணம், மாநாட்டுப் பயணம், வழக்கமான மன்றச் செலவுகள், விருந்து, விண்ணப்பதாரர் தமக்கே எடுத்துக்கொள்ளும் ஊதியம் ஆகியவற்றை விலக்கிவைப்பது பொதுவாக நல்லது. ஐயம் எழும்போது ஓர் எளிய சோதனை உதவும்: இதே செலவை வளாகத்தில் ஏற்கெனவே உள்ள வேறொரு நிதி ஏற்குமானால், விண்ணப்பதாரரை அங்கே அனுப்பிவைக்க வேண்டும், எந்தக் கதவும் திறக்காதென்றால் அதுவே இந்த நிதியத்துக்கு உரிய விண்ணப்பம்.

இதை ஒத்த பிற திட்டங்களிலிருந்து உள்ள வேறுபாட்டையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1969ஆம் ஆண்டு மார்கரெட் மெக்விகார் தொடங்கிய இளநிலை மாணவர் ஆராய்ச்சித் திட்டம் உலகெங்கும் பின்பற்றப்பட்ட ஒன்று. அதில் மாணவர் பெரும்பாலும் பேராசிரியரின் ஆராய்ச்சியில் இணைந்து பணியாற்றுகிறார். அதே கழகத்தில் 1990ஆம் ஆண்டு தொடங்கிய தொழில்முனைவோர் போட்டி வணிகமாக வளரக்கூடிய எண்ணங்களைத் தேடுகிறது. இரண்டும் தத்தம் இடத்தில் பயனுள்ளவை. நாம் பேசும் நிதியமோ, பேராசிரியரின் திட்டமாகவும் இல்லாமல் சந்தைக்குச் செல்லும் பொருளாகவும் இல்லாமல் இருக்கும் எண்ணங்களுக்கானது. ஆகவே "புத்தாக்கம்" என்ற சொல்லை மட்டும் அறிவிப்பில் போட்டுவிட்டு நிறுத்திவிடக் கூடாது. அப்படிச் செய்தால் செயலி உருவாக்குவோர் மட்டுமே வருவார்கள். வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பு, நடனம், வளாகத் தாவரங்களின் பதிவேடு, பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான வளாக வழிகாட்டி போன்றவையும் தகுதியுடையவை என்பதை எடுத்துக்காட்டுகளுடன் வெளிப்படையாக எழுத வேண்டும்.

இரண்டாம் படி: பணத்துக்கான ஊற்றுகளைக் கண்டறிதல்

பெரிய நன்கொடையாளர் ஒருவரைத் தேடிக்கொண்டு ஓராண்டைக் கழிப்பதைவிட, சிறிய ஊற்றுகள் இரண்டு மூன்றை இணைத்து உடனே தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். ஒரே கொடையாளரை நம்பியிருக்கும் நிதியம் அவருடைய விருப்பங்களுக்கு ஏற்ப மெல்ல வளைந்துவிடும். அவர் விலகினால் நின்றும்விடும்.

மாணவர்களே விரும்பிச் செலுத்தும் சிறு கட்டணம் மிக நிலையான ஊற்று. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 2007ஆம் ஆண்டு மாணவர்கள் வாக்களித்து, ஒவ்வொருவரும் ஒரு பருவத்துக்கு 5 டாலர் செலுத்தும் பசுமை முயற்சி நிதியத்தை உருவாக்கினார்கள். தொகை சிறியதாயினும் மாணவர் எண்ணிக்கையால் பெருகும்போது அது ஆண்டுதோறும் தவறாமல் வரும் வருவாயாகிவிடுகிறது. தாங்களே செலுத்திய பணம் என்பதால் அது எப்படிச் செலவாகிறது என்பதில் மாணவர்களுக்கு இயல்பாகவே அக்கறையும் பிறக்கிறது. இவ்வழியைத் தேர்வு செய்தால், வாக்கெடுப்பை முறையாக நடத்துவதும், கட்டணம் செலுத்த இயலாதவர்களுக்கும் விரும்பாதவர்களுக்கும் விலக்குக் கோரும் வழியை வைப்பதும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் மாணவர் ஒப்புதலைப் பெறுவதும் கட்டாயம்.

முன்னாள் மாணவர்களிடம் கேட்கும்போது பெரும்பாலான கல்லூரிகள் பெருந்தொகையைக் கேட்டுவிட்டு ஏமாற்றமடைகின்றன. 2009ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் தொடங்கிய ஆசம் ஃபவுண்டேஷன் வேறொரு கணக்கைக் காட்டியது: பத்துப் பேர் மாதந்தோறும் தலா 100 டாலர் போட்டு, சேர்ந்த 1,000 டாலரை அவர்களே தேர்ந்தெடுக்கும் ஒரு முயற்சிக்கு எந்த நிபந்தனையும் இன்றிக் கொடுத்துவிடுவார்கள். அறக்கட்டளைப் பதிவோ அலுவலகமோ இல்லாமலே பல நாடுகளில் இம்முறை பரவியது. ஒரே ஆண்டில் படித்து முடித்த பத்து நண்பர்கள் தங்கள் கல்லூரிக்காக இதைச் செய்வதற்குத் தடை ஏதுமில்லை.

மூன்றாவது வழி சுழல்நிதி. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2001ஆம் ஆண்டு 30 லட்சம் டாலருடன் தொடங்கிய பசுமை வளாகக் கடன்நிதியில், மின்சாரத்தையும் நீரையும் மிச்சப்படுத்தும் திட்டங்களுக்குப் பணம் தரப்பட்டு, அவற்றால் மிச்சமாகும் தொகையிலிருந்தே கடன் திருப்பிச் செலுத்தப்பட்டது. சேமிப்பை அளக்கக்கூடிய திட்டங்களுக்கு மட்டுமே இது பொருந்தும். கவிதை அரங்கத்துக்குக் கடன் கொடுத்துத் திரும்பக் கேட்க முடியாது. எனவே சுழல்நிதியை வைத்துக்கொள்வதானால் அதைத் தனிக் கணக்காக வைத்து, திருப்பிக் கேட்காமல் கொடுக்கும் நல்கைப் பணத்துடன் கலக்காமல் இருப்பதே முறை.

துறைகளில் நிதியாண்டு இறுதியில் செலவாகாமல் நிற்கும் தொகையையும் கேட்டுப்பெறலாம். ஆனால் அது எந்த ஆண்டும் உறுதியானதன்று என்பதால் அதை அடிப்படையாக வைத்து வாக்குறுதி எதையும் கொடுக்கக் கூடாது.

மூன்றாம் படி: தொகையை அடுக்குகளாகப் பிரித்தல்

புதிய நிதியங்கள் செய்யும் பொதுவான தவறு, கையிலிருக்கும் பணம் முழுவதையும் நான்கைந்து பெரிய நல்கைகளாகப் பிரித்துவிடுவது. அப்படிச் செய்தவுடன் ஒவ்வொரு நல்கையும் ஒரு பரிசாக மாறிவிடுகிறது. குழுவினர் அஞ்சி, ஏற்கெனவே வெற்றி உறுதியான திட்டங்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். புதுமை முதலில் வெளியேறுகிறது.

மூன்று அடுக்குகள் போதும். முதல் அடுக்கு, ஓர் எண்ணம் செயற்படுமா என்று ஓரிரு மாதங்களில் பார்ப்பதற்கான மிகச் சிறு தொகை. இதை நிறையப் பேருக்குக் கொடுக்க வேண்டும், விரைவாகக் கொடுக்க வேண்டும், தோல்வியை எதிர்பார்த்தே கொடுக்க வேண்டும். இரண்டாவது, முதல் அடுக்கில் எதையேனும் கற்றுக்கொண்டு வந்தவர்கள் முன்மாதிரியையோ முழு நிகழ்வையோ உருவாக்குவதற்கானது. முதலாவதைப்போல ஐந்து மடங்கு வரை இருக்கலாம். மூன்றாவது, நடைமுறையில் நிலைபெற்றுவிட்ட ஒன்றை வளாகத்தின் நிரந்தர ஏற்பாடாக மாற்றுவதற்கானது; ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ போதும், இல்லாவிட்டாலும் குறையில்லை. என் கணக்கில் ஆண்டுத் தொகையில் பாதியை முதல் அடுக்குக்கும், மூன்றில் ஒரு பங்கை இரண்டாவதற்கும் ஒதுக்கி, எஞ்சியதை மூன்றாவதற்கும் எதிர்பாராத தேவைக்குமாக வைத்துக்கொள்ளலாம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2016ஆம் ஆண்டு தொடங்கிய சேண்ட்பாக்ஸ் திட்டமும் அணிகளுக்கு ஒரேயடியாகப் பெருந்தொகை தராமல், முன்னேற்றத்தைப் பார்த்துப் படிப்படியாக, 25,000 டாலர் வரை உயர்த்தும் முறையையே கொண்டது.

முதல் அடுக்கின் உச்சவரம்பை முடிவு செய்யும்போது கல்லூரியின் கொள்முதல் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று விலைப்புள்ளிகள் கேட்க வேண்டிய வரம்புக்குக் கீழே அந்தத் தொகை இருந்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

நான்காம் படி: கூட்டு முயற்சியைப் பெயரளவில் நிற்காமல் செய்தல்

"இரண்டு துறையினராவது சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும்" என்று விதி எழுதுவது எளிது. அதன் விளைவு என்னவென்றால், இறுதி நாளில் வேறு துறையில் படிக்கும் அறைத்தோழரின் பெயர் விண்ணப்பத்தில் சேர்க்கப்படும். இதைத் தடுக்க விதியைக் கடுமையாக்குவதால் பயனில்லை. கேள்வியை மாற்ற வேண்டும். அணியில் உள்ள ஒவ்வொருவரும், தம்மால் செய்ய முடியாத எந்த வேலையை மற்றவர் செய்யப்போகிறார் என்பதைத் தம் சொந்த வாக்கியத்தில் எழுத வேண்டும் என்று கேளுங்கள். உண்மையான கூட்டாளிகள் இதை எளிதாக எழுதிவிடுவார்கள். பெயருக்குச் சேர்ந்தவர் தடுமாறுவார்.

அதைவிட முக்கியமான வேலை விண்ணப்பத்துக்கு முன்பே நடக்க வேண்டியிருக்கிறது. ஒரே துறைக்குள் நான்காண்டு சுற்றிவரும் மாணவருக்கு வேறு துறையில் யாரைக் கேட்பதென்றே தெரியாது. பொறியாளர்களுக்கிடையிலான உரையாடலை ஆராய்ந்த தாமஸ் ஆலன், இருவருடைய இருக்கைகளுக்கு இடையிலான தொலைவு கூடக்கூட அவர்கள் பேசிக்கொள்ளும் வாய்ப்பு மிக வேகமாகக் குறைகிறது என்பதை 1970களில் காட்டினார். வெவ்வேறு கட்டடங்களில் இருப்பவர்கள் தற்செயலாகச் சந்தித்து எண்ணம் பரிமாறுவார்கள் என்று காத்திருக்க முடியாது. சந்திப்பை நிதியமே ஏற்பாடு செய்ய வேண்டும்.

இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. டெட்ராய்ட் நகரில் 2010ஆம் ஆண்டு தொடங்கிய டெட்ராய்ட் சூப் என்ற நிகழ்வில், வருபவர்கள் 5 டாலர் செலுத்தி எளிய உணவு உண்பார்கள். நான்கு பேர் தத்தம் திட்டத்தை நான்கு நிமிடங்களில் விளக்குவார்கள். அவையோர் நான்கு கேள்விகள் கேட்பார்கள். இறுதியில் வாக்களித்து, வாசலில் சேர்ந்த பணம் முழுவதும் வென்றவருக்கு அன்றே கொடுக்கப்படும். வளாகத்தில் இதைப் பருவத்துக்கு இரண்டு முறை நடத்தலாம். வென்றவருக்குக் கிடைக்கும் தொகை ஒருபுறமிருக்க, தோற்ற மூவரை நோக்கி அவையிலிருந்து யாரேனும் எழுந்து சென்று "இந்தப் பகுதியை நான் செய்து தருகிறேன்" என்று சொல்வதே இந்நிகழ்வின் பெரும் பயன். ஆகவே வாக்கெடுப்பு முடிந்ததும் அவையைக் கலைத்துவிடாமல் அரை மணி நேரமாவது இருக்கவிடுங்கள்.

இடமும் ஒரு நிதிதான். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1943ஆம் ஆண்டு போர்க்காலத் தேவைக்குத் தற்காலிகமாகக் கட்டப்பட்டு 1998 வரை நின்ற 20ஆம் எண் கட்டடம், கரடுமுரடான மரக் கட்டடமாக இருந்ததாலேயே பல துறையினருக்கும் பிடித்திருந்தது. தேவையென்றால் சுவரைத் துளைத்துக் கம்பி இழுத்துக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். பயன்படாமல் கிடக்கும் ஓர் அறையின் சாவியையும் சில மேசைகளையும் நிர்வாகம் கொடுத்தால், அது பல நல்கைகளைவிட அதிகம் செய்யக்கூடும்.

ஐந்தாம் படி: விண்ணப்பத்தை ஒரே பக்கத்தில் அடக்குதல்

முதல் அடுக்குக்கான விண்ணப்பத்தை எழுத ஒரு மாணவருக்கு ஒரு மாலைப்பொழுதுக்கு மேல் ஆகக் கூடாது. பெருந்தொற்றுக் காலமான 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் தொடங்கிய ஃபாஸ்ட் கிராண்ட்ஸ் திட்டம், அறிவியல் ஆராய்ச்சிக்கே அரை மணி நேரத்தில் நிரப்பக்கூடிய விண்ணப்பத்தை வைத்து 48 மணி நேரத்தில் முடிவைச் சொன்னது. அவ்வளவு பெரிய ஆய்வுகளுக்கே அது சாத்தியமென்றால், ஒலிப்பதிவுக் கருவிக்கான விண்ணப்பத்துக்கு இருபது பக்கம் கேட்பதற்கு நியாயமில்லை.

கேட்க வேண்டியவை சில மட்டுமே. என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைத் துறைச்சொற்கள் இல்லாமல் எழுதச் சொல்லுங்கள். இதைச் செய்தபின் இப்போது தெரியாத எது தெரியவரும் என்று கேளுங்கள். எதிர்பார்க்கும் பலன் என்ன என்று கேட்டால் மிகைப்படுத்தலே வரும், எது தெரியவரும் என்று கேட்டால் சிந்தனை வரும். அணியினர் பற்றிய வாக்கியங்கள், முதல் இரண்டு வாரத்தில் செய்யப்போகும் வேலை, செலவுப் பட்டியல், பணம் பாதிதான் கிடைத்தால் எதை விட்டுவிடுவீர்கள் என்ற கேள்வி ஆகியவை போதும். கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றினாலும், திட்டத்தின் மையம் எதுவென்று விண்ணப்பதாரருக்குத் தெரிந்திருக்கிறதா என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும்.

மனிதர்களிடம் நேர்காணலோ சோதனையோ நடத்தும் திட்டங்கள், உயிரினங்கள், வேதிப்பொருள்கள், மின்னழுத்தம், உயரத்தில் வேலை போன்றவை வரும் திட்டங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பைக் கேட்டு, கல்லூரியின் நெறிமுறைக் குழுவின் அல்லது பாதுகாப்புப் பொறுப்பாளரின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். மதிப்பெண் சராசரியையும் பரிந்துரைக் கடிதத்தையும் கேட்காதீர்கள். ஏற்கெனவே அறியப்பட்டவர்களுக்கே அவை சாதகமாக அமைகின்றன.

ஆறாம் படி: தெரிவுக்குழுவும் தெரிவு முறையும்

ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட குழு போதுமானது. பாதிக்கு மேற்பட்டோர் மாணவர்களாக இருப்பதும், ஆசிரியர்கள் ஒரே துறையிலிருந்து வராமல் இருப்பதும், கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் வாக்குரிமை இல்லாத உறுப்பினராக அமர்வதும் நன்று. கணக்குப் பிரிவினரை முதல் நாளிலிருந்தே உடன் வைத்துக்கொண்டால், முடிவெடுத்தபின் "இந்தச் செலவை விதி ஏற்காது" என்ற பதில் வராது. தம் நண்பரோ ஆய்வு மாணவரோ விண்ணப்பித்திருந்தால் அந்த உறுப்பினர் அந்த விண்ணப்பம் பேசப்படும் நேரத்தில் அறையை விட்டு வெளியேற வேண்டும். வாக்களிக்காமல் அமர்ந்திருப்பது போதாது.

உறுப்பினர்கள் தனித்தனியே படித்து மதிப்பிட்டபின் கூட வேண்டும். முதலில் கூடிப் பேசத் தொடங்கினால் மூத்த பேராசிரியர் சொல்வதே தீர்ப்பாகிவிடும். கூட்டத்தில் இளையவர் முதலில் பேசும் வழக்கத்தை ஏற்படுத்துவது எளிது, பயனும் பெரிது.

மதிப்பெண்களை எவ்வளவு நம்பலாம் என்பதில் அடக்கம் தேவை. 1981ஆம் ஆண்டு ஸ்டீபன் கோல், ஜொனாதன் கோல், கேரி சைமன் ஆகிய மூவரும் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு வந்த 150 விண்ணப்பங்களை வேறு மதிப்பீட்டாளர்களிடம் மீண்டும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு விண்ணப்பத்தின் தலைவிதியில் ஏறத்தாழப் பாதி அதன் தரத்தாலும், மறுபாதி எந்த மதிப்பீட்டாளரிடம் சென்றது என்ற தற்செயலாலும் அமைகிறது என்று கண்டார்கள். தேர்ந்த அறிவியலாளர்களுக்கே இந்த நிலை என்றால், பல துறை விண்ணப்பங்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும் கல்லூரிக் குழு 7.4 மதிப்பெண்ணுக்கும் 7.2 மதிப்பெண்ணுக்கும் இடையே கோடு போடுவதில் பொருளில்லை.

ஆகவே விண்ணப்பங்களை மூன்று கூறாக மட்டும் பிரியுங்கள்: எல்லோரும் ஏற்பவை, தெளிவாகத் தகுதியற்றவை, நடுவில் நிற்பவை. முதற்கூறுக்குப் பணம் கொடுத்தபின் எஞ்சிய தொகையை நடுக்கூறில் உள்ளவர்களுக்குக் குலுக்கல் முறையில் வழங்கலாம். இது விளையாட்டான யோசனை போலத் தோன்றக்கூடும். ஆனால் நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சி மன்றம் 2013ஆம் ஆண்டு தன் எக்ஸ்புளோரர் நல்கைகளைத் தகுதி பெற்ற விண்ணப்பங்களுக்கிடையே குலுக்கி வழங்கத் தொடங்கியது; ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் அறக்கட்டளையும் துணிச்சலான ஆய்வுகளுக்கான தன் திட்டத்தில் 2017ஆம் ஆண்டு பகுதிக் குலுக்கலைப் புகுத்தியது. குலுக்கலில் கிடைக்காதவருக்கு "உன் எண்ணம் தரமற்றது" என்ற செய்தி போய்ச் சேர்வதில்லை. அவர் அடுத்த முறையும் விண்ணப்பிக்கிறார். குலுக்கலைப் பலர் முன்னிலையில் நடத்துவது மட்டும் கட்டாயம்.

வளாகம் முழுவதும் வாக்களிக்கும் முறை கவர்ச்சியானது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989ஆம் ஆண்டு தொடங்கிய பங்கேற்பு வரவுசெலவு முறை, பொதுப்பணத்தின் ஒரு பகுதியை மக்களே பங்கிடலாம் என்பதை நிறுவியது. மிதிவண்டி நிறுத்தம், குடிநீர், படிப்பிடம் போன்ற எல்லோரும் பயன்படுத்தும் வசதிகளைத் தேர்ந்தெடுக்க அது வளாகத்துக்கும் பொருந்தும். ஆனால் விளக்கிச் சொல்லக் கடினமான, சிலருக்கு மட்டுமே பயன்படும், விந்தையான எண்ணங்கள் பொது வாக்கெடுப்பில் எப்போதும் தோற்கும். பெரிய விடுதியிலும் பெரிய துறையிலும் இருப்பவர்கள் எப்போதும் வெல்வார்கள். நிதியத்தின் முதல் அடுக்கை வாக்கெடுப்புக்கு விடாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து.

மறுக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கியங்களிலாவது காரணம் எழுத வேண்டும். முடிவுக்கான கெடு, விண்ணப்பம் வந்த நாளிலிருந்து முதல் அடுக்குக்குப் பத்து நாள், இரண்டாவதற்கு ஒரு மாதம். முதல் அடுக்குக்கு இறுதித் தேதி வைக்காமல் ஆண்டு முழுவதும் பெற்றுக்கொண்டு, வாரத்துக்கு ஒருமுறை கூடுவது சிறந்தது. எண்ணங்கள் இறுதித் தேதியைப் பார்த்துத் தோன்றுவதில்லை.

ஏழாம் படி: பணம் கைக்கு வரும் வழியைச் சீர்செய்தல்

நல்ல நிதியங்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். தெரிவுக்குழு பத்து நாளில் முடிவெடுத்து, அறிவிப்புப் பலகையில் பெயரும் ஒட்டப்பட்டபின், "முதலில் உங்கள் கைப்பணத்தில் வாங்குங்கள், ரசீது கொடுத்துப் பிறகு பெற்றுக்கொள்ளுங்கள்" என்று கணக்குப் பிரிவு சொல்லும். கைப்பணம் உள்ள மாணவருக்கு இது சிறு தொல்லை. இல்லாதவருக்கு இது மறுப்புக்குச் சமம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே பயன்படும் நிதியத்தை யாரும் திட்டமிட்டு உருவாக்குவதில்லை. திருப்பிச் செலுத்தும் விதி ஒன்றே அதைச் சத்தமில்லாமல் உருவாக்கிவிடுகிறது.

இதற்கு மூன்று தீர்வுகள் உண்டு. முதலாவது, முன்பணம். முதல் அடுக்குத் தொகையை முழுவதுமாகவும், இரண்டாம் அடுக்கில் பாதியையும் அணித்தலைவரின் வங்கிக் கணக்கில் முன்பணமாகச் செலுத்தி, குறிப்பிட்ட நாளுக்குள் ரசீதுகளுடன் கணக்கு ஒப்படைக்கச் சொல்லலாம். ரசீது வராவிட்டால் என்ன செய்வது என்று நிதி அலுவலர் கேட்பார். கேட்பது அவர் கடமையும்கூட. கணக்கு ஒப்படைக்கும் வரை அந்த அணியினர் எவருக்கும் அடுத்த நல்கை இல்லை என்ற விதியும், பொறுப்பேற்கும் ஆசிரியர் ஒருவரின் கையொப்பமும் அதற்கான பதில். தொகை சிறியதாக இருப்பதால் இழப்பு நேர்ந்தாலும் தாங்கக்கூடியதே. இழப்பே நேரக் கூடாதென்று அமைக்கும் காவல் ஏற்பாடுகளின் செலவு அதைவிட அதிகமாகிவிடும்.

இரண்டாவது, நிதியமே வாங்கிக் கொடுப்பது. இணையவழி வாங்கும் பொருள்களுக்கு நிதியத்தின் பொறுப்பாளர் ஒருவரிடம் கல்லூரியின் கட்டண அட்டையைக் கொடுத்து, மாணவர்கள் அனுப்பும் பட்டியலை வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் வாங்கச் செய்யலாம். முன்பணம் கொடுக்க விதி இடம்தராத கல்லூரிகளில் இதுவே நடைமுறைக்கு ஏற்றது. மூன்றாவது, கடைகளுடன் கல்லூரியின் பெயரில் கணக்கு வைத்து, அனுமதிச் சீட்டைக் காட்டிப் பொருளைப் பெறச் செய்வது. அச்சகம், மின்னணுப் பொருள் கடை போன்ற அடிக்கடி தேவைப்படும் இடங்களுக்கு இது உதவும்.

ரசீது கிடைக்காத செலவுகளும் உண்டு. ஒரு கைவினைஞருக்குக் கொடுக்கும் கூலி, பழைய பொருள் சந்தையில் வாங்கிய உதிரிபாகம், உள்ளூர்ப் பயணம் ஆகியவற்றுக்குத் தேதி, தொகை, பெற்றவர் கையொப்பம் ஆகியவற்றுடன் கூடிய எளிய செலவுச்சீட்டை ஒரு வரம்பு வரை ஏற்கலாம் என்று தொடக்கத்திலேயே கணக்குப் பிரிவின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெறுங்கள். தணிக்கையாளர் கேட்பது பெரும்பாலும் முன்கூட்டியே எழுதப்பட்ட விதி ஒன்று இருந்ததா, அது பின்பற்றப்பட்டதா என்பதைத்தான்.

செலவுத் தலைப்புகளுக்கிடையே ஐந்தில் ஒரு பங்கு வரை அணியினர் தாமே மாற்றிக்கொள்ளலாம் என்ற நெகிழ்வையும் கொடுங்கள். புதிய முயற்சியில் முதலில் எழுதிய செலவுப் பட்டியல் அப்படியே நிறைவேறினால், அங்கே புதிதாக எதுவும் தெரியவரவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

வாங்கிய கருவிகள் கல்லூரியின் இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதே நேரத்தில் அவை துறையின் பூட்டிய அலமாரிக்குள் போய்விடவும் கூடாது. நிதியத்துக்கென ஒரு கருவி நூலகம் அமைத்து, திட்டம் முடிந்ததும் பொருள்களை அங்கே சேர்த்து, அடுத்த அணி எடுத்துச்செல்ல வழிசெய்தால், மூன்றாவது ஆண்டிலிருந்து கேட்கப்படும் தொகையே குறையத் தொடங்கும்.

எட்டாம் படி: உரிமையைத் தொடக்கத்திலேயே எழுதிவைத்தல்

ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் 1965ஆம் ஆண்டு மருத்துவர் ராபர்ட் கேடும் அவருடைய குழுவினரும் அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்காகக் கலக்கிய பானம் பின்னர் கேட்டரேட் என்ற பெயரில் பெருவணிகமானபோது, உரிமத்தொகை யாருக்கு என்ற வழக்கு எழுந்து, பல்கலைக்கழகத்துக்கு 20 விழுக்காடு என்ற உடன்பாட்டில் முடிந்தது. ஸ்டான்ஃபோர்டில் பிறந்த கூகுளின் கதையில் அந்தச் சச்சரவு இல்லை. தேடல்முறையின் காப்புரிமை பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக இருந்தது, அதைப் பயன்படுத்தும் உரிமத்துக்கு ஈடாகப் பெற்ற பங்குகளை அது 2005ஆம் ஆண்டளவில் 33.6 கோடி டாலருக்கு விற்றது. வளாக முயற்சிகளில் ஆயிரத்தில் ஒன்றுகூட இந்த நிலைக்கு வராது. ஆனாலும் ஒரு பக்க உடன்படிக்கை இல்லாததால் நண்பர்கள் பிரிவது அடிக்கடி நடப்பதுதான்.

நிதியம் கொடுக்கும் சிறு தொகைக்காகக் கல்லூரி உரிமை எதையும் கோராது என்று எழுதுவதே சரி. பெரிய ஆய்வக வசதிகளைப் பயன்படுத்தினால் மட்டும் கல்லூரியின் பொதுவான அறிவுசார் சொத்துரிமை விதிகள் பொருந்தும். அணிக்குள் யார் என்ன செய்தார், ஒருவர் விலகினால் அவருடைய பங்களிப்பை மற்றவர்கள் தொடர்ந்து பயன்படுத்தலாமா, படைப்பில் பெயர்கள் எந்த வரிசையில் வரும் என்பவற்றை அவர்களே எழுதிக் கையொப்பமிட்டு ஒரு படியை நிதியத்திடம் கொடுக்கட்டும். ஆசிரியர் அணியில் இருந்தால் இது இன்னும் அவசியம், ஏனெனில் மாணவர் தம் உரிமையைக் கேட்கத் தயங்குவார்.

ஒன்பதாம் படி: அறிக்கை, கணக்கு, கைமாற்றம்

முதல் அடுக்குக்கு நீண்ட அறிக்கை தேவையில்லை. என்ன செய்தோம், எது நடக்கவில்லை, அடுத்து வருபவர் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு பக்கமும், சில படங்களும், கணக்கும் போதும். இவற்றை வளாகத்தில் எவரும் படிக்கக்கூடிய பொதுத் தொகுப்பாக வைக்க வேண்டும். நடக்காமல்போன திட்டங்களின் பக்கங்களே அத்தொகுப்பில் அதிகம் படிக்கப்படும். நிதியம் தன் கணக்கையும் அதே இடத்தில் பருவந்தோறும் வெளியிட வேண்டும்: எத்தனை விண்ணப்பம் வந்தது, எந்தெந்தத் துறையிலிருந்து, எத்தனைக்குப் பணம் கொடுக்கப்பட்டது, விண்ணப்பத்திலிருந்து பணம் சேரும்வரை எத்தனை நாள் ஆனது. கடைசி எண்ணைத் தலைப்பிலேயே போடுங்கள். அது கூடத் தொடங்கினால் எங்கே அடைப்பு என்று உடனே தேட வேண்டும்.

ஒரு முயற்சி வெற்றி பெற்றதா என்று அதே ஆண்டில் தீர்ப்பளிக்க வேண்டாம். வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த இருவர் முதல் திட்டம் முடிந்தபின் இரண்டாவது ஒன்றையும் சேர்ந்து செய்தார்களா என்பது, எத்தனை பேர் பார்வையிட்டார்கள் என்பதைவிட நல்ல அளவுகோல்.

எல்லாவற்றையும்விட நிதியத்துக்கு ஆபத்தானது கல்லூரியின் நாட்காட்டி. தொடங்கியவர்கள் படிப்பை முடித்துப் போய்விடுவார்கள்; அவர்களுடன் கடவுச்சொற்களும், கடைக்காரர்களின் தொடர்பும், எந்த அலுவலர் எந்த நாளில் கையொப்பமிடுவார் என்ற அறிவும் போய்விடும். குழுவின் மாணவ உறுப்பினர்களில் பாதிப் பேர் ஒவ்வோர் ஆண்டும் மாறும்படி பதவிக்காலத்தை ஈராண்டாக அமையுங்கள். இறுதியாண்டு மாணவரைச் செயலராக ஆக்காமல், அவரை ஆலோசகராகவும் அவருக்கு அடுத்த ஆண்டில் படிப்பவரைச் செயலராகவும் வையுங்கள். நடைமுறைக் கையேடு ஒன்றை எழுதி, அதைப் புதிய செயலர் தம் முதல் மாதத்தில் திருத்த வேண்டும் என்று விதியுங்கள். திருத்தச் சொன்னால்தான் படிப்பார்கள். பொறுப்பு மாற்றத்தை இறுதித் தேர்வுகளுக்கு இரண்டு மாதம் முன்பே முடித்து, ஒரு சுற்று விண்ணப்பங்களைப் பழைய குழுவும் புதிய குழுவும் சேர்ந்தே பரிசீலிக்கட்டும். வங்கிக் கணக்கில் கையொப்பமிடும் பொறுப்பாசிரியரும் மாணவப் பொருளாளரும் விடைபெறும் நாளுக்கு முன்பே புதியவர்களின் கையொப்பங்கள் வங்கியில் பதிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டின் முதல் விண்ணப்பத்துக்கான பணம் மூன்று மாதம் வங்கியிலேயே கிடக்கும்.